‘லவ் டுடே’: போன் கேட்கிறவர்களும் லிங்க் கேட்கிறவர்களும்

“லவ் டுடே எங்க பார்க்கலாம்?” என்று எந்தப் பட்ச் குரூப்பிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. ஐந்து நிமிடத்துக்குள் நாலு லிங்க் வந்து விழும். ஒன்று டெலிகிராம் சனல். ஒன்று பிளே ஸ்டோரில் இல்லாத ஏதோ ஒரு ஆப். இன்னொன்றைத் தொட்டால் முதலில் சூதாட்ட விளம்பரம்தான் திறக்கும். நாலாவதில் படம் இடம்வலம் மாறி ஓடும், சத்யராஜ் கீச்சுக் குரலில் கதைப்பார். “நெட்ஃபிளிக்ஸில் இருக்குதே” என்று யாராவது எழுதினால் “பெரிய இடத்து ஆக்கள்” என்று ஒரு நக்கல் ஸ்டிக்கர் வரும். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு படம் நல்லதா என்பதையும் அதை எப்படிப் பார்ப்பது என்பதையும் நாங்கள் வழக்கமாகத் தனித்தனியாகத்தான் கதைப்போம். ஒன்று விமர்சனம், மற்றது டேட்டா கணக்கு. ‘லவ் டுடே’யில் இந்த இரண்டையும் பிரிக்க ஏலாது. ஏனென்றால் படமே ஒருவரின் போனை இன்னொருவர் திறக்கலாமா என்ற கேள்வியில்தான் நிற்கிறது. அனுமதி இல்லாமல் பரவிய ஒரு வீடியோ ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று காட்டுகிற படத்தை, அனுமதி இல்லாமல் பரவுகிற கோப்பாகவே நாங்கள் கைமாற்றுகிறோம். அதற்கு விலையாக எங்களுடைய போனையே திறந்து கொடுக்கிறோம். இதைப் பற்றித்தான் சண்டை பிடிக்க வந்திருக்கிறோம். படத்தோடும் சண்டை, லிங்க் கேட்கிற ஆக்களோடும் சண்டை. படம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டபடியால் முடிவு வரைக்கும் கதைப்போம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கோ. எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

முதலில் படம்

‘கோமாளி’ (2019) எடுத்த பிரதீப் ரங்கநாதன் எழுதி, இயக்கி, தானே கதாநாயகனாக நடித்த படம் இது. ‘அப்பா லாக்’ என்ற தன்னுடைய குறும்படத்தை விரித்து எடுத்தார். ஏஜிஎஸ் தயாரிப்பு, யுவன் சங்கர் ராஜா இசை. 2022 நவம்பர் 4 தியேட்டருக்கு வந்தது, அதே வருஷம் டிசம்பர் 2 நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. 2025இல் ‘லவ்யாப்பா’ என்ற பெயரில் ஹிந்தியிலும் எடுத்தார்கள்.

பிரதீப்பும் நிகிதாவும் (இவானா) காதலர்கள். விஷயம் நிகிதாவின் அப்பா வேணு சாஸ்திரியிடம் (சத்யராஜ்) போகிறது. தமிழ் சினிமா அப்பாக்களைப்போல அவர் அரிவாள் தூக்கவில்லை, மகளை அறைக்குள் பூட்டவும் இல்லை. ஒரேயொரு நிபந்தனை வைக்கிறார்: இருவரும் ஒருநாளைக்குப் போனை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் கல்யாணம் செய்ய விருப்பம் என்றால் எனக்குச் சம்மதம். அவ்வளவுதான். மிச்சப் படம் முழுக்க அந்த இரண்டு போன்களுக்குள்தான் நடக்கிறது.

இது கெட்டிக்காரத்தனமான கதைமுடிச்சு. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. காதலுக்கு வில்லன் வெளியிலிருந்து வராமல் காதலர்களின் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறான். ஒரு நோட்டிஃபிகேஷன் சத்தத்துக்கு ஆள் திடுக்கிட்டு எழும்புவதையும், அழித்த சட்டை இன்னொரு இடத்தில் தேடிப் பிடிப்பதையும் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கட வயதில் இருக்கமாட்டார். சிரிப்பில் பாதி பயம். அதுதான் படத்தின் வெற்றி.

படத்தில் ஆகச் சிறந்த பகுதி பிரதான சோடியுடையது இல்லை. பிரதீப்பின் அக்கா திவ்யாவுக்கும் (ரவீனா ரவி) டொக்டர் யோகிக்கும் (யோகி பாபு) நிச்சயமான கல்யாணம்தான் அது. யோகி தன் போனை யாரிடமும் கொடுக்கமாட்டார். திவ்யாவுக்குச் சந்தேகம் வளர்கிறது, எங்களுக்கும் வளர்கிறது. கடைசியில் போனுக்குள் இருப்பது வேறொரு பெண் இல்லை. அவரின் உருவத்தை வைத்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அவரை வைத்து, அவரின்ட சொந்த ஆட்களே அடிக்கிற கேலிகள். ஒருவர் போனை மறைப்பதற்குக் காரணம் துரோகமாக மட்டும் இருக்கத் தேவையில்லை, வலியாகவும் இருக்கலாம் என்று அந்தக் காட்சி சொல்கிறது. யோகி பாபுவின் உருவத்தை வைத்தே வருஷக்கணக்காகப் பகிடி விட்ட ஒரு சினிமாவுக்குள் இருந்து அப்படியொரு காட்சி வந்தது பெரிய விஷயம்.

இதே படம்தான் மற்ற இடங்களில் தான் சொன்னதைத் தானே மறந்துவிடுகிறது.

படத்தோடு எங்கட வழக்கு

முதலாவது, தராசு. படம் இரண்டு போனையும் ஒரே தட்டில் வைக்கிறது. “இவளும் ஒளிச்சாள், இவனும் ஒளிச்சான், ஆகவே சரிக்குச் சரி” என்ற மாதிரி. ஆனால் உள்ளே இருப்பதை எடுத்துப் பாருங்கோ. நிகிதாவின் போனில் இருப்பது பெரும்பாலும் அவள் சொல்லாமல் விட்ட விஷயங்கள்: பழைய காதலனோடு இருந்த தொடர்பு, சொன்ன பொய்கள். பிரதீப்பின் பக்கத்தில் இருப்பது அவனும் அவன்ட கூட்டமும் மற்றப் பெண்களுக்குச் செய்த விஷயங்கள். போலிக் கணக்கில் பெண்களுக்கு மெசேஜ் அடிப்பது அந்தப் பெடியளுக்கு ஒரு பொழுதுபோக்கு. நிகிதாவின் சொந்தத் தங்கைக்குப் போன அசிங்கமான மெசேஜ்கள்கூட அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கின்றன. ஒருத்தி காதலனிடம் உண்மையை மறைத்ததும், ஒரு கூட்டம் முன்பின் தெரியாத பெண்களைத் தொந்தரவு செய்ததும் எப்படிச் சரிக்குச் சரி ஆகும்? முதலாவது அவர்கள் இரண்டு பேரும் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். இரண்டாவதுக்கு முறைப்பாடு இருக்கிறது. படம் இரண்டையும் ஒரே பின்னணி இசையில் பகிடியாக்கிவிட்டுக் கடந்துபோகிறது.

இரண்டாவது, வீடியோ. படத்தின் பின்பாதியில் நிகிதாவுடையது என்று ஒரு ஆபாச வீடியோ பரவுகிறது. அது முகத்தை மாற்றி ஒட்டிய போலி. தமிழில் ஒரு காதல் நகைச்சுவைப் படம் இந்த விஷயத்தை 2022இலேயே கையில் எடுத்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கையாள்கிறது? அவள் மேல் ஊரே காறித் துப்புகிற நேரம், கேள்வி அவளைப் பற்றியதாக இருக்கவில்லை. “பிரதீப் அவளை நம்புவானா?” என்பதாக மாறிவிடுகிறது. அவளுக்கு நடந்த கொடுமை அவனுடைய காதலுக்கு வைத்த சோதினையாகிறது. அவன் நம்புகிறான், சோதினையில் பாஸ். நாங்கள் கைதட்டுகிறோம்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறோம். தயவுசெய்து உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசியுங்கோ. அந்த வீடியோ போலியாக இல்லாமல் உண்மையாக இருந்திருந்தால்?

நிகிதா ஒருகாலத்தில் ஒருவனைக் காதலித்து, நம்பி, அவனோடு இருந்த நேரத்தில் எடுத்த வீடியோவாக இருந்து, அதை அவன் பரப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? குற்றவாளி அப்போதும் பரப்பியவன்தான். நிகிதா அப்போதும் குற்றமற்றவள்தான். ஆனால் படத்திடம் அதற்குப் பதில் இல்லை. அவளைக் காப்பாற்றப் படத்துக்கு “அது அவள் இல்லை” என்ற நிரூபணம் தேவைப்படுகிறது. ‘அவளாகவே இருந்தாலும் உங்களுக்கு என்ன?’ என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பல்கலைக்கழகங்களில், ரியூஷன் வகுப்புகளில், ஊர்களில் இப்படி மாட்டுப்படுகிற பெண்களுக்கு எப்போதும் போலி என்ற அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. பலருக்கு அது உண்மையான படம், உண்மையான நம்பிக்கை, உண்மையான துரோகம். அவர்களை இந்தப் படம் கைவிட்டுவிட்டது.

மூன்றாவது, அப்பா. இந்தக் கதையில் ஆகப் பெரிய வன்முறையைச் செய்தவர் வேணு சாஸ்திரி. வயதுவந்த இரண்டு பேரை ஒருவருக்கொருவர் உளவு பார்க்க வைத்தவர். அந்தப் போன்களுக்குள் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டுமா? நிகிதாவுக்குத் தன் வீட்டுப் பிரச்சினையை எழுதிய ஒரு சிநேகிதி இருப்பாள். பிரதீப்பிடம் தன் கடனைச் சொல்லி அழுத ஒரு நண்பன் இருப்பான். அவர்களிடம் யார் அனுமதி கேட்டது? போன் ஒருவருடையதாக இருந்தாலும் அதற்குள் ஐம்பது பேர் இருக்கிறார்கள். இருந்தும் படம் முடியும்போது வேணு சாஸ்திரி ஞானி மாதிரி நிற்கிறார். “மாமா, உங்கட போனை ஒருக்கால் தாங்கோ பாப்பம்” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அது ஒரு நல்ல முடிவாகவும் இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் படத்தின் தொடக்கத்திலேயே மறுமொழி இருக்கிறது. சின்னப் பெடியன் ஒரு மாங்கொட்டையை நட்டுவிட்டு, முளைத்திருக்கா என்று ஒவ்வொரு நாளும் தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். அப்படித் தோண்டினால் முளைக்காது, நம்பி விடு என்கிறார் அம்மா (ராதிகா). படத்தின் முழு ஞானமும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு இரண்டரை மணித்தியாலம் தோண்டுகிறது. தோண்டியது பிழை என்று சொல்லவில்லை. தோண்டிய பிறகும் மரம் வந்துவிட்டது என்கிறது.

இது எங்கட கதையும்தான்

“சும்மா ஒரு பகிடிப் படம், அதுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். இந்தப் படம் வந்த பிறகு ‘போன் மாற்றுவோமா?’ என்பது சோடிகளுக்கு நடுவில் ஒரு விளையாட்டாகவே வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கோ. யார் விளையாட மறுத்தாலும் அவர் எதையோ ஒளிக்கிறார் என்று அர்த்தம். ‘பாஸ்வேர்ட் தரமாட்டியா? அப்ப என்னில நம்பிக்கை இல்லையா?’ ‘லொக்கேஷன் ஓன் பண்ணி வை.’ ‘ஆரோட கதைச்சனி, ஸ்க்ரீன்ஷொட் அனுப்பு.’ இதெல்லாம் காதல் என்ற பெயரில்தான் எங்களுக்குள் நடக்கிறது. முதலாம் வருஷப் பிள்ளைகளின் போனைச் சீனியர்கள் வாங்கிக் கிண்டிப் பார்ப்பது ‘பழகுறது’ என்ற பெயரில் நடக்கிறது. வீட்டில் தங்கச்சியின் போனை அண்ணன் பார்ப்பது ‘பாசம்’ என்ற பெயரில் நடக்கிறது. பெயர்தான் வேறு, தோண்டுவது ஒன்றுதான். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: அநேகமாகத் தோண்டுகிறவர் ஆண், தோண்டப்படுவது பெண்ணின் போன்.

அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இந்த நாட்டில் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்தைக் காட்டிக் காதலர்களை மிரட்டுவது எங்கட நோக்கம் இல்லை. ஆனால் ‘இது எங்கட பேர்சனல் விஷயம்’ என்று சொல்லிக்கொண்டே மற்றவரின் பேர்சனலைத் திறக்க ஏலாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இப்போது லிங்க் கேட்கிறவர்களிடம்

வேணு சாஸ்திரி உங்கள் போனை ஒருநாளைக்குத்தான் கேட்டார். பட்ச் குரூப்பில் வந்த அந்த ஆப் எவ்வளவு காலத்துக்குக் கேட்கிறது என்று பார்த்தீர்களா?

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு ஏபிகே கோப்பை இறக்குகிறீர்கள். ‘தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவும்’ என்று போன் எச்சரிக்கிறது, சம்மதிக்கிறீர்கள். பிறகு கொன்டக்ட்ஸ், கலரி, எஸ்எம்எஸ் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கிறது. படம் பார்க்கிற ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? வங்கியிலிருந்து வருகிற ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. கலரி எதற்கு? உங்கட தேசிய அடையாள அட்டையின் படம், சிநேகிதி நம்பி அனுப்பிய படம், அம்மாவின் மருத்துவ அறிக்கை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. காதலன் கேட்டால் ‘அது என்ட பிரைவசி’ என்று சரியாகச் சண்டை பிடிக்கிற அதே ஆள், முகம் தெரியாத ஒருவன் செய்த ஆப்புக்கு ‘அலவ், அலவ், அலவ்’ என்று மூன்று தரம் தட்டுகிறார். ஒரு முகத்தை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டுகிற ஆட்களுக்கு முகங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று படம் பார்த்த பிறகும் யோசிக்கவில்லை என்றால் படம் பார்த்ததில் என்ன பிரயோசனம்?

எல்லா லிங்கும் வைரஸ் என்று நாங்கள் சொல்லவில்லை. பலதில் ஒன்றும் நடக்காது. நடக்கிற ஒன்று எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

இனி வழக்கமாக வருகிற மறுமொழிகளுக்கு வருவோம்.

“கோடிக்கணக்கில் உழைக்கிறவனுக்கு எங்கட முந்நூறு ரூபாயால என்ன நட்டம்?” கதாநாயகனுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் தமிழில் இப்போது ஒரு படம் எடுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பதில் தியேட்டரோடு சேர்த்து இணைய உரிமைக்கு என்ன விலை வரும் என்பதும் பெரிய பங்கு. பெரிய நடிகரின் படத்துக்கு எப்படியும் விலை வரும். அடிபடுவது புது இயக்குநரின் சின்னப் படம். ‘லவ் டுடே’யே பெரிய நட்சத்திரம் இல்லாமல், இயக்குநர் தானே கதாநாயகனாக நின்று எடுத்த படம்தான். அப்படியான படங்கள் வேண்டும் என்று கட்டுரை எழுதிவிட்டு, அதை லிங்க்கில் பார்த்தால் எங்கட கட்டுரைக்கு என்ன பெறுமதி? இதே கேள்வி எங்கட நாட்டுப் படைப்பாளிகளுக்கும் வரும். கடன்பட்டு ஒரு முழுநீளப் படம் எடுத்த ஈழத்து இயக்குநரின் படத்தை யாராவது டெலிகிராமில் போட்டால் எங்களுக்குக் கோபம் வரும்தானே? கோபத்துக்கு எல்லைக்கோடு போட ஏலாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அந்தக் கோட்டைப் போடவில்லை.

“எங்களிட்டக் காசும் இல்லை, கார்ட்டும் இல்லை.” இது மட்டும்தான் உண்மையான மறுமொழி. இதை நாங்கள் பகிடியாக எடுக்கவில்லை. இந்தப் படம் வந்த 2022ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கோ. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற நாட்டில் டொலரில் சந்தா கட்டுங்கோ என்று மாணவருக்குப் போதிப்பது அநியாயம். மகாபொல காசில் போர்டிங் வாடகையே முழுதாகக் கட்ட ஏலாது. ஆகவே, ‘களவாகப் பார்க்கிற மாணவர்கள் எல்லாம் கள்ளர்’ என்று ஏசி அறைக்குள் இருந்து எழுதுகிற ஆட்களோடு நாங்கள் இல்லை. பிழையின் பெரிய பங்கு, இந்தச் சின்னச் சந்தையைக் கணக்கிலேயே எடுக்காத கம்பனிகளில்தான். உள்ளூர் ரீலோட்டில், உள்ளூர் ரூபாயில், ஒரு படத்துக்கு மட்டும் காசு கட்டுகிற வழியைத் திறந்துவிட்டால் எத்தனை பேர் கட்டுவார்கள் என்று பார்க்கலாம்.

ஆனால் காசில்லாமை ஒரு காரணம். அது ஒரு கொள்கை இல்லை. காசில்லாதபடியால் பார்த்தேன் என்பது வேறு. கார்ட் இருந்தும், வீட்டில் சந்தா இருந்தும், லிங்க் எடுப்பதைக் ‘கோப்பரேட்டுக்கு எதிரான புரட்சி’ என்று சொல்வது வேறு. அந்த லிங்க்கை நடத்துகிறவன் புரட்சிக்காரன் இல்லை, சூதாட்ட விளம்பரத்தில் உழைக்கிற இன்னொரு முதலாளி. அவன் வரி கட்டுவதில்லை, நடிகருக்கும் லைட்மேனுக்கும் ஒரு சதமும் கொடுப்பதில்லை, உங்கட போனையும் கிண்டுகிறான்.

“சும்மா ஃபோர்வேர்ட்தானே பண்ணினேன்.” இந்த வசனத்தைத்தான் நாங்கள் ஆகக் கூடுதலாக வெறுக்கிறோம். ஒரு படத்தின் களவுக் கோப்பை அனுப்புவதும் ஒரு பெண்ணின் வீடியோவை அனுப்புவதும் ஒரே பாரமான குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றில் ஒரு கம்பனிக்கு நட்டம், மற்றதில் ஒரு உயிரே போகலாம். ஆனால் இரண்டையும் அனுப்புவது ஒரே விரல், ஒரே பழக்கம்: ‘என்ட கைக்கு வந்துட்டுது, ஆகவே அது எனக்குச் சொந்தம்.’ கைக்கு வந்த எல்லாம் எங்களுடையது இல்லை. யார் அனுப்பினார், அவருக்கு அனுப்ப உரிமை இருக்கா என்று ஒரு நிமிடம் நின்று கேட்கிற பழக்கம் சின்ன விஷயத்தில் வராவிட்டால் பெரிய விஷயத்திலும் வராது.

சரி, எப்படிப் பார்க்கிறது?

வெறுமனே ஏசிவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. இதுதான் நடைமுறை.

முதலில், படம் எங்கே இருக்கிறது என்று அந்தந்தத் தளத்திலேயே தேடுங்கோ. ‘லவ் டுடே’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த படம். இணைய உரிமைகள் காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே சந்தா கட்ட முதல் இலங்கையில் அந்தப் படம் காட்டுதா என்று தேடிப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கோ. தேடும்போது கவனம்: 1997இல் விஜய் நடித்த ‘லவ் டுடே’யும் இருக்கிறது. அது வேறு கதை, வேறு சண்டை.

இரண்டாவது, ஒரு மாசம் மட்டும் எடுங்கோ. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ இரண்டுமே இலங்கையில் 2016இலிருந்து இருக்கின்றன. மாசச் சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். சோதினை முடிந்த லீவு மாசத்தில் எடுத்து, பார்க்கவேண்டிய பத்துப் படங்களைப் பட்டியல் போட்டுப் பார்த்து முடித்து, மாசம் முடிய முதல் நிறுத்திவிடுங்கோ. வருஷம் முழுக்கக் கட்டத் தேவையில்லை.

மூன்றாவது, ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறவர்கள் சேர்ந்து கட்டுங்கோ. ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு என்பது நெட்ஃபிளிக்ஸின் விதி. ஒரே போர்டிங்கில் ஒன்றாக இருக்கிற நாலு பேர் ஒரே லப்டொப்பில் இருந்து பார்த்தால் தலைக்கு வருகிற காசு இரண்டு பிளேன்ரீயும் ரோல்ஸும்தான். காதல் நகைச்சுவைப் படத்தைத் தனியாக ஹெட்செட்டில் பார்ப்பதைவிட நாலு பேரோடு பார்ப்பதுதான் சுகம். ஆனால் கணக்குப் பாஸ்வேர்டைக் குரூப்பில் போடாதேங்கோ. அதற்குப் பின்னால் ஒருவரின் கார்ட் இருக்கிறது.

நாலாவது, கார்ட். சாதாரண வங்கி டெபிட் கார்ட் போதும். பல வங்கிகளில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் தனியாகத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கவேண்டும். கிளையிலோ வங்கியின் ஆப்பிலோ செய்யலாம். பயமென்றால் அந்தக் கணக்கில் தேவையான காசை மட்டும் போட்டு வையுங்கோ.

ஐந்தாவது, டேட்டா. வைஃபை கிடைக்கிற இடத்தில் அந்தந்தத் தளத்தின் சொந்த ஆப்பிலேயே படத்தை இறக்கி வைத்தால் பிறகு டேட்டா இல்லாமல் பார்க்கலாம். போனில் பார்ப்பதற்குத் தரத்தைக் குறைத்து இறக்கினால் போதும்.

ஆறாவது, காசே இல்லையென்றால் யூடியூப். தயாரிப்பு நிறுவனங்களும் உரிமை வாங்கிய கம்பனிகளும் பழைய தமிழ்ப் படங்களை முழுதாக, இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எது களவு என்று கண்டுபிடிப்பது சுகம்: படம் இடம்வலம் மாறியிருந்தால், நாலு பக்கமும் வெட்டியிருந்தால், குரலின் வேகம் கூடியிருந்தால், சனலில் அந்தக் கம்பனியின் பெயரே இல்லாவிட்டால் அது களவுதான். யூடியூப்பின் தானியங்கிச் சோதனையை ஏமாற்றத்தான் அந்தக் கூத்தெல்லாம்.

ஏழாவது, தியேட்டர். ராஜாவோ செல்வாவோ, உங்களூரில் எது இருக்கிறதோ அது. ஒரு காதல் படத்துக்கு முழு மண்டபமும் சேர்ந்து சிரிக்கிற சத்தத்தை எந்த லிங்க்கும் தராது.

பீடங்களில் இருக்கிற கலை மன்றங்களிடமும் ஒரு கோரிக்கை. புரொஜெக்டரைப் போட்டுப் பென்டிரைவில் வந்த களவுப் பிரதியைத் திரையிட்டுவிட்டு, ‘மாற்று சினிமா’ என்று பனர் கட்டாதேங்கோ. ஒருவரின் வீட்டுச் சந்தாவில் மண்டபம் நிரம்பத் திரையிடுவதும் சரியில்லை. இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ ஒரு மின்னஞ்சல் எழுதுங்கோ. குறும்படம், சுயாதீனப் படம் எடுக்கிற ஆட்களில் பலர் மாணவர் திரையிடல் என்றால் சந்தோஷமாகத் தருவார்கள். வந்து கதைக்கவும் செய்வார்கள்.

கடைசியாக ஒன்று

படத்தில் நிகிதாவுக்கு நடந்தது உங்களுக்கோ உங்கட சிநேகிதிக்கோ நடந்தால், ஒருவன் வந்து ‘நான் நம்புறன்’ என்று சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீடியோ போலியா உண்மையா என்று யாருக்கும் நிரூபிக்கவும் தேவையில்லை. ஸ்க்ரீன்ஷொட், லிங்க், திகதி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கோ. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசத் தளம் இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்பாமல், உங்கட போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் அடையாளத்தை உருவாக்கி, அந்த அடையாளத்தை மட்டும் பதியலாம். அதில் இணைந்திருக்கிற சமூக வலைத்தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். உங்கட குரூப்பில் அப்படியொன்று வந்து விழுந்தால், திறக்காதேங்கோ, அனுப்பாதேங்கோ, அனுப்பியவனைக் குரூப்பிலேயே பேர் சொல்லிக் கேளுங்கோ. ‘வீடியோ உண்மையா?’ என்று கேட்காதேங்கோ. ‘உனக்கு இது எப்படி வந்தது?’ என்று கேளுங்கோ.

‘லவ் டுடே’யைப் பாருங்கோ என்றுதான் சொல்கிறோம். சிரிப்பீர்கள், கோபப்படுவீர்கள், பார்த்த பிறகு கதைக்க நிறைய இருக்கும். ஆனால் பார்த்து முடிய யாராவது “வாவன், நாங்களும் போன் மாத்திப் பாப்பம்” என்று கேட்டால், முடியாது என்று சொல்லுங்கோ. யாராவது “லிங்க் இருக்கா?” என்று கேட்டாலும் அதே சொல்லைச் சொல்லுங்கோ. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: கேட்கவேண்டிய ஆளிடம் கேட்கவில்லை.